காடு என்று எழுதினேன்

அக்டோபர் 9, வியாழன்

தாராபுரம். உரக்கடை மாடியில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பூச்சிமருந்து நெடி, மூடினால் புழுக்கம். மூடிவைத்திருக்கிறேன்.

மாநிலப் பல்லுயிர் வாரியத்தின் கடிதத்தை மறுபடி படித்தேன். "தாங்கள் 2004ஆம் ஆண்டு முதன்முதலாக விவரித்த கொடி, தங்கள் பதிவில் கண்ட வனப்பகுதியில் இரண்டு பருவங்கள் தேடியும் கிடைக்கவில்லை. அழிந்த இனம் என்று அறிவிக்குமுன் தங்கள் கருத்து தேவை." வீட்டிலிருந்தே ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. கல்லூரியில் ஒரு மாத விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் நான் எடுக்கும் முதல் நீண்ட விடுப்பு. யாரும் காரணம் கேட்கவில்லை. உடம்புக்கு ஏதோ என்று நினைத்திருப்பார்கள்.

கொடியைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். நூல் போன்ற தண்டு, மண்ணுக்குள் எலுமிச்சை அளவு கிழங்கு. கோடை முழுக்க இருக்கிற இடம் தெரியாது. ஆவணி மழைக்கு முளைத்து, முள்ளுக்கிளுவை வேலிக்குள் ஏறி ஐப்பசியில் பூக்கும். பூ அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைப் போல அடியில் உப்பி, நடுவில் இறுகி, மேலே ஐந்து இதழ்களும் நுனி சேர்ந்து ஒரு கூண்டு. ஊரில் சிம்னிப்பூ என்பார்கள். லத்தீனில் என் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர்; நான் வைத்தது. உலகத்தில் வேறெங்கும் இதற்குப் பதிவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் புங்கவலசுக்குப் போனேன். இருபது கிலோமீட்டர். சாலையின் இரண்டு பக்கமும் கறுப்புத் தகடுகள். சூரிய மின் கம்பெனி ஒன்று முந்நூறு ஏக்கர் எடுத்திருக்கிறது.

டீக்கடையில் மொட்டப்பாறைக்கு வழி கேட்டேன். கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே, "பாவாத்தாளப் பாக்கோணுமாங்? காட்டுக்குப் போயிருக்குமுங்" என்றார்.

இந்தச் சொல்லைப் பற்றி எழுத வேண்டும். நான் மாயவரம் பக்கம். எங்களுக்கு நிலம் என்றால் வயல், காடு என்றால் மரமும் மிருகமும் இருக்கிற இடம். இங்கே சோளம் விதைக்கிற நிலமும் காடு, ஆடு மேய்கிற நிலமும் காடு. மொட்டப்பாறைக்காடு என்பது எட்டு ஏக்கர் மேய்ச்சல் நிலம், சுற்றிலும் கிளுவை வேலி. 2003இல் எடுத்த மாதிரியின் சீட்டில் நான் "மொட்டைப்பாறைக் காடு, இலையுதிர் வனம்" என்று எழுதினேன். சொல் தெரியாததால் வந்த பிழை. வனத்துறைக்காரர்கள் அந்தப் பதிவை நம்பி மலைச்சரிவில் தேடியிருக்கிறார்கள். கிடைக்காததில் வியப்பில்லை.

நிலத்தின் வாசல் ஒரு முள்படல். அதன் பின்னால் பாவாத்தாள் நின்றிருந்தார். ஐம்பத்திரண்டு, ஐம்பத்துமூன்று வயதிருக்கும். கணவர் இல்லை. கையில் தொரட்டி, காலடியில் ஒரு கறுப்பு நாய்.

"ஆருங்?"

"கோயம்புத்தூர்ல காலேஜ் டீச்சர். இந்த வேலியில ஒரு கொடி இருக்கான்னு பாக்கணும்."

"காலேஜுங்களா" என்றார். நாய் எழுந்தது. "வேலி அங்கிருந்தே தெரியுதில்லீங். பாத்துட்டுக் கெளம்புங்."

"உள்ளே வந்தாத்தான்..."

"காலேஜுன்னு வந்தவங்களை உள்ள உடறதில்லீங். பேப்பரு, பையின்னு வர்றவங்களையும் உடறதில்லீங். உங்ககிட்ட ரண்டும் இருக்குது."

இந்த ஊர்ப் பேச்சில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு "ங்" உண்டு. மரியாதை குறையாமல் ஒருவரை விரட்ட அது உதவுகிறது.

திரும்பும்போது ஒருவர் பைக்கில் வந்து வண்டியை மறித்தார். சென்னியப்பன், பாவாத்தாளின் கொழுந்தன். நிலம் இரண்டு பேர் பெயரிலும் கூட்டுப் பட்டா. கிழக்குப் பாதி இவர் பங்கு. அதைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். நவம்பர் பத்தாம் தேதி ஜேசிபி வந்து கிழக்கு வேலியை வழித்தெடுத்துவிட்டுக் கம்பிவேலி போடும். கிழக்குப் பாதி போனால் அண்ணியும் தன் பாதியைத் தந்துவிடுவார், தண்ணித்தொட்டி இந்தப் பக்கம் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிம்னிப்பூ இருந்தது கிழக்கு வேலியில்.

அக்டோபர் 12, ஞாயிறு

சாலையில் நின்று தொலைநோக்கியால் வேலியைப் பார்த்தேன். கிளுவை இலை, கோவைக்கொடி, ஒரு ஓணான். இரண்டு மணி நேரம். திரும்பி வந்தபோது காரின் பின்சக்கரத்தில் காற்று இல்லை. ஆணி எதுவும் குத்தியிருக்கவில்லை. மூடியைக் கழற்றிக் காற்றைப் பிடுங்கிவிட்டு, மறுபடி மூடி திருகியிருக்கிறார்கள். ஒழுங்கான ஊர்.

அக்டோபர் 13, திங்கள்

மழை. ரவிக்கைக் கொக்கி இரண்டு தைத்தேன். பழைய களக் குறிப்பேடு பெட்டியின் அடியில் இருக்கிறது. எடுக்கவில்லை.

அக்டோபர் 15, புதன்

மறுபடி படல். பாவாத்தாள் ஆடுகளைத் தொட்டிக்கு விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்காமல் வெளியே நின்றேன். அரை மணி நேரம் கழித்து, "வெயில்ல நின்னா செடி மொளைக்குமாங்?" என்றார். அதற்குள் சென்னியப்பன் நில அளவைக்காரர் ஒருவரோடு வந்துவிட்டார்.

"என்னங் அண்ணி, காலேஜுக்காரங்களோட பேச்சு? மறுக்கா கன்னிமாரு வந்துருச்சாட்டுது."

அளவைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பாவாத்தாள் முகம் மாறவில்லை. ஆடுகளைப் பார்த்தபடி, "போடா சென்னி" என்றார். அவ்வளவுதான்.

என்னைப் பார்த்துச் சென்னியப்பன், "அண்ணிக்கு ஊர்ல பேரே கன்னிமார்க்காரிதானுங். கேட்டுப் பாருங், கதையே சொல்லும்" என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை.

படலுக்கு இரண்டு பக்கமும் நின்றபடியே சொன்னார். அவர் சொன்னதை நினைவிருக்கும்வரை அப்படியே எழுதுகிறேன்.

"இருவத்திரண்டு வருசமாச்சுங். சின்னவ கைப்புள்ள. அவளத் தூளியில போட்டுட்டு இந்தப் பக்கம் வந்தனுங். கெழக்கு வேலிகிட்ட ஒரு புள்ள. மஞ்சச் சுடிதாரு. கையில அருவா. வேலிய வெட்டி ஆளு நொழையறாப்பல பண்ணிப்போட்டு, கெழங்கு கெழங்காத் தோண்டி, நீசுபேப்பருக்கு நடுவுல வெச்சு அமுக்கிக்கிட்டிருக்கறா. ஏ புள்ளைன்னு சத்தம் போட்டனுங். திரும்பிப் பாத்துச் சிரிச்சா. ஓடிப்போயிட்டா."

"அப்புறம்?"

"எனக்கு வேலி கட்டக் கை ஒழியல. பொழுது எறங்கறதுக்குள்ள ஊர்நாயிக அந்த ஓட்டையில பூந்து ஒம்பது குட்டியக் கடிச்சுப்போட்டுதுங்க. எங்கூட்டுக்காரரு மாரியாத்தா கோயலு முன்னால வெச்சு என்னைய அறைஞ்சாரு. வேலி காக்கத் துப்பில்லாதவன்னு. நான் அந்தப் புள்ளையச் சொன்னன். ஆரு நம்பறாங்க? இந்தக் கரட்டுல சுடிதாரு போட்ட புள்ள வந்து கெழங்கு தோண்டுச்சாமா, கன்னிமாரு வந்து காட்சி குடுத்திருக்குதுன்னு சிரிச்சாங்க. அன்னைக்கு வெச்ச பேருங். அவரு சாவறமுட்டும் நம்புல."

கடைசியாக, "அந்த மொகம் இன்னும் கண்ணுல நிக்குதுங்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒன்பது என்பது மிகையாக இருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் எண்ணிக்கைகள் வளரும். ஆள் நுழையும் அளவுக்கு வேலியை வெட்ட எந்த அவசியமும் இருந்திருக்காது. கை நுழைந்தால் போதும். என்னிடம் அப்போது மஞ்சள் நிறத்தில் எதுவும் இருந்ததாக நினைவில்லை. வெளிர் பச்சையில் ஒன்று இருந்தது. சிரித்ததாகச் சொல்வது நிச்சயம் தவறு.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

கடை பூட்டியிருக்கிறது. உரக்கடைக்காரர் மனைவி ஒரு தட்டில் முறுக்கு கொண்டுவந்து, "ஊருக்குப் போகலீங்களா? ஆரும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனார்.

குறிப்பேட்டை எடுத்தேன். 16.11.2003. என் கையெழுத்து அப்போது நன்றாக இருந்திருக்கிறது.

"மொட்டப்பாறைக்காடு, கிழக்கு வேலி. மொத்தம் 14. கிழங்கோடு எடுத்தது 11."

புதிய இனம் என்றால் ஒரு மாதிரியோடு நிறுத்துவதில்லை. பல ஊர்களின் உலர்தாவரச் சேகரிப்புகளுக்கும் ஒவ்வொரு தாள் அனுப்புவோம். பதினொரு சேகரிப்பு, பதினொரு தாள். அந்தக் காலத்தில் அது வழக்கம். இன்றும் சிலர் செய்கிறார்கள்.

"வேலி" என்று எழுதியிருக்கிறேன். வனம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

அக்டோபர் 23, வியாழன்

உள்ளே போனேன். காரணம் நானல்ல. "அந்த டீச்சரை உள்ளே விட்டால் நடக்கிறதே வேறு" என்று சென்னியப்பன் நேற்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார். இன்று காலையில் பாவாத்தாள் படலை அவரே தூக்கி வைத்தார்.

"வாங் டீச்சரம்மா. பையி வெளிய. பேப்பரு வெளிய. கையி ரண்டும் எனக்குத் தெரியறாப்பல இருக்கோணும்."

கேமராவை மட்டும் அனுமதித்தார். கொழுக்கட்டைப்புல் முழங்கால் அளவு நின்றது. கிழக்கு வேலியில் நான்கு கொடிகள். நான்கும் பூத்திருந்தன. கண்ணாடிக் கூண்டின் அடியில் பழுப்புப் புள்ளிகள், உள்ளே ஒன்றிரண்டு சின்ன ஈக்கள். நான் உட்கார்ந்தேன். எழுந்திருக்க நேரமாயிற்று, மூட்டுவலி.

பாவாத்தாள் குனிந்து பார்த்தார். "ஈயப் புடிச்சுத் திங்குதாங்?"

"திங்காது. உள்ளே கீழ்நோக்கி முடி இருக்கு. ஈ இறங்கிட்டா ஏற முடியாது. மறுநாள் முடி வாடினதும் வெளியே விட்டுடும்."

"அப்பறம் எதுக்குப் புடிக்கோணும்?"

"மகரந்தத்தை ஒட்டி அனுப்ப."

"வேல வாங்கிக்கிட்டு உட்டுருது. உங்க காலேஜாட்டத்தான்னு சொல்லுங்."

சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. நான் ஒன்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கிளுவையைத் தரையோடு தட்டிவிட்டு மறுபடி தழையவிடுவது இங்கே வழக்கம். எத்தனையோ முறை தட்டியிருப்பார்கள். இந்தக் கொடி எப்படித் தப்பியது?

"நானே தட்டறதுங். இது இருக்கற எடத்தச் சுத்தி ஒரு மொழம் உட்டுருவேன். கெழங்கு தோண்ட வந்த பசங்களையும் அடிச்சு முடுக்கியிருக்கறேன்."

"பூ பிடிக்குமா?"

"பூவா? பூவ ஆருங் பாத்தா?" வேலியைப் பார்த்தபடி சொன்னார். "இதுக்குத்தான அவ வந்தா. இருந்துதுன்னா மறுக்கா வருவா. வந்தாப் புடிச்சு, இந்த வெள்வேல மரத்துல கட்டி வெச்சு, ஊரைக் கூப்புட்டுக் காட்டோணும். பாருங்கடா, இருக்கறாளா இல்லையான்னு. அதுக்கு உட்டு வெச்சிருக்கறனுங்."

உலகத்தில் மிச்சமிருக்கிற நான்கு கொடிகளுக்கும் இதுவரை இருந்த பாதுகாப்பு ஏற்பாடு இதுதான். அறிக்கையில் எழுத முடியாது.

அக்டோபர் 27, திங்கள்

படங்கள், அளவுகள், இடக்குறிப்பு எல்லாம் வாரியத்துக்கு அனுப்பினேன். வேலியைத் தொடக் கூடாது என்று பத்தாம் தேதிக்குமுன் தடை தரக் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

பதில் வந்தது. நாகரிகமான பதில். மூலப் பதிவின்படி இது வனத் தாவரம். பட்டா நிலத்து வேலியில் காணப்படுவது யாரேனும் கொண்டுவந்து நட்டதாக இருக்கலாம். அப்படியானால் அந்த இடத்துக்குப் பாதுகாப்புக் கோர முடியாது. மூலப் பதிவே தவறென்றால் அதை எழுதியவர் காரணத்தோடு திருத்த வேண்டும். நவம்பர் ஆறாம் தேதி நேரடி விசாரணை.

மாலையில் கல்லூரி முதல்வர் தொலைபேசினார். விடுப்பில் போய் மின் திட்டத்துக்கு எதிராக ஊரைத் தூண்டுவதாக யாரோ புகார் சொல்லியிருக்கிறார்களாம். "அடுத்த மார்ச்ல துறைத்தலைவர் பதவி உங்களுக்குத்தானேம்மா. எதுக்கு இது?"

டீக்கடையில் எனக்கு டீ இல்லை. பால் தீர்ந்துவிட்டதாம். எனக்குப் பின்னால் வந்தவருக்கு இருந்தது.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று முழுவதும் யோசித்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

அக்டோபர் பத்தாம் தேதி நான் இங்கே எழுதியது சரியில்லை. 2004 பிப்ரவரியில் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் பதிப்பாசிரியர் ஒரு கேள்வி அனுப்பினார்: "பட்டா நிலமா, வனமா?" மாவட்டத்தின் வனங்களில் சேகரிக்க எங்களிடம் துறையின் அனுமதிக் கடிதம் இருந்தது. பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் கடிதம் வேண்டும். உரிமையாளர் என்னைத் துரத்தியிருந்தார். நான் "வனம்" என்று எழுதி அனுப்பினேன். இங்கே காடு என்றால் என்னவென்று அதற்குள் எனக்குத் தெரியும். புங்கவலசுக்குப் போன முதல் நாளே தெரியும்.

அந்தக் கட்டுரையால் முனைவர் பட்டம். பட்டத்தால் வேலை.

ஆறாம் தேதி நான் சொல்லக்கூடியது: டெல்டாக்காரி, சொல் குழப்பம், ஊர்க்காரர் ஒருவர் கொடியைப் பறித்துக் கொடுத்தார், எந்த இடம் என்று சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. கௌரவமான பிழை. பதிவு திருத்தப்படும், வேலி நிற்கும். முழுவதையும் சொல்ல வேண்டிய தேவை எங்கும் இல்லை.

மேலும், அந்தப் பெண் வந்துவிட்டாள் என்று பாவாத்தாளுக்குத் தெரிந்துவிட்டால், கொடியை விட்டுவைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. அடுத்த முறை வேலி தட்டும்போது கிளுவையோடு போய்விடும். ஆக, சொல்லாமலிருப்பதே கொடிக்கு நல்லது.

இந்தக் கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். இதைவிட நல்ல சாக்கு எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

நவம்பர் 6, வியாழன்

பதினொரு மணிக்கு விசாரணை. வாரியத்தின் ஆய்வு அலுவலர் ஜெபசிங், கிராம நிர்வாக அலுவலர், சென்னியப்பன், ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர். வேலியோரம் நின்றோம். பாவாத்தாள் நாயைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார்.

முதலில் சென்னியப்பன். "சார், இந்தச் செடிய நாங்க ஆரும் பாத்ததே இல்லீங். டீச்சரம்மா பையில கொண்டாந்து நட்டிருப்பாங்க. ஒரு மாசமா இங்கயேதான சுத்திக்கிட்டிருக்கறாங்க."

ஜெபசிங் என் கட்டுரையின் நகலை வைத்திருந்தார். "மேடம், நீங்களே வனம்னுதான் எழுதியிருக்கீங்க."

"காடுங்கற சொல்லை நான் தப்பா எடுத்துக்கிட்டேன். நான் மாயவரம் பக்கம். எங்களுக்குக் காடுன்னா வனம்தான்."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். "இங்க வந்த புதுசுல நானும் முழிச்சேன். போன் பண்ணினா எல்லாரும் காட்டுல இருக்கேங்கறாங்க. சரி, செடி எப்படிக் கிடைச்சுது?"

"ஊர்க்காரர் ஒருத்தர் பறிச்சுக் கொடுத்தார்."

எழுதிக்கொண்டார். அது போதுமானதாக இருந்தது. அவர் பேனாவை மூடவும் செய்தார்.

"ஆருங் அது, ஊர்க்காரரு?" என்றார் சென்னியப்பன். "எனக்குத் தெரியாம இந்த ஊர்ல? எங்கண்ணி பாத்த கன்னிமாருங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை; அவருக்கும் கதை தெரிந்திருந்தது. ஒருவர், "மஞ்சச் சுடிதாரு போட்ட கன்னிமாரு" என்றார். பாவாத்தாள் நாயின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சிரிப்பின்போது கைக்கு ஏதோ ஒரு வேலை கொடுத்துப் பழகியவர் என்று தெரிந்தது.

"யாரும் கொடுக்கலை" என்றேன். "நான்தான் எடுத்தேன்."

ஜெபசிங் பேனாவைத் திறக்கவில்லை. "மேடம்?"

"ரெண்டாயிரத்து மூணு நவம்பர் பதினாறு. ஞாயித்துக்கிழமை. இந்த வேலியை வெட்டினது நான். ஆள் நுழையற அளவுக்கு. அருவாளைத் தாராபுரத்துல வாங்கினேன். பதினாலு கொடி இருந்தது. பதினொண்ணைக் கிழங்கோட எடுத்தேன். இந்த அம்மா வந்து சத்தம் போட்டாங்க. ஓடிட்டேன். ஓட்டையை அடைக்கலை. அனுமதி இல்லாம எடுத்ததால, தெரிஞ்சேதான் வனம்னு எழுதினேன்."

தகடுகளுக்கு அப்பால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், இதை எழுதணுமா? சொல் குழப்பம்னே இருக்கட்டுமே. எங்களுக்கு அது போதும்" என்று ஜெபசிங் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எழுதுங்க."

பாவாத்தாள் நாயைக் கட்டிவிட்டு வந்தார். என்னிடம் வரவில்லை. சென்னியப்பன் முன்னால் போய் நின்றார். "கேட்டுச்சாடா சென்னி? இல்ல, இன்னொருக்காச் சொல்லச் சொல்லட்டுமா?"

சென்னியப்பன் செல்போனைப் பார்த்தார். பிறகு அந்த "மஞ்சச் சுடிதாரு" ஆள். அவரிடமும் போய் நின்றார். "உனக்கு?" ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்றார். சிலர் தரையைப் பார்த்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் தலையாட்டினார்.

கடைசியில் என் முன்னால்.

"மூக்குத்தி போட்டிருந்தே."

"ஆமா. கழட்டிட்டேன்."

"சுடிதாரு என்ன கலரு?"

"மஞ்சள்."

"சிரிச்சே."

"ஆமா. பயத்துல."

"பயமோ என்ன எழவோ. சிரிச்சே." ஜெபசிங்கைத் திரும்பிப் பார்த்தார். "ஒம்பது குட்டிங். அதையும் எழுதச் சொல்லுங்."

அதற்கான இடம் அவருடைய படிவத்தில் இல்லை. தாளை வாங்கி, என் வாக்குமூலத்தின் அடியில் நானே எழுதினேன்: அன்று மாலை அந்த ஓட்டை வழியே நாய்கள் புகுந்து ஒன்பது ஆட்டுக்குட்டிகளைக் கொன்றன, அதற்காக உரிமையாளர் பாவாத்தாள் ஊர் முன்னால் அடிக்கப்பட்டார், அவர் சொன்னது உண்மை. கையெழுத்திட்டேன்.

"இனி இந்தக் காட்டுல கால் வெச்சே, நாய அவுத்து உட்டுருவேன்" என்றார் பாவாத்தாள். "போ."

"ங்" இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

கோயம்புத்தூர். வழியில் எங்கும் நிறுத்தவில்லை.

நவம்பர் 19, புதன்

வாரியத்தின் இடைக்கால ஆணை வந்தது. மே மாதம்வரை கிழக்கு வேலியை யாரும் தொடக் கூடாது. ஆடு மேய்ப்பது, தண்ணித்தொட்டி, மற்ற வேலிகள் எல்லாம் வழக்கம்போல. மாதம் ஒருமுறை கொடிகளை எண்ணி அறிக்கை தர வேண்டும். ஒரு மாதம் தவறினாலும் ஆணை தானாக நீங்கும். சென்னியப்பன் நீதிமன்றம் போகிறார். கம்பெனி அவருடைய துண்டை விட்டுவிட்டு மற்ற இடத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது.

ஆய்விதழுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். கல்லூரி விளக்கம் கேட்டிருக்கிறது. துறைத்தலைவர் பதவி பற்றி இனி யாரும் பேச மாட்டார்கள். என் பட்டத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு எழுதப்போவதாகச் சொல்கிறார்கள். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு மழையைப் பற்றியதாகிவிடுகிறது.

டிசம்பர் 4, வியாழன்

இந்த மாத எண்ணிக்கைக்கு இன்று கடைசி நாள். ஜெபசிங் அனுப்பிய ஆளைப் பாவாத்தாள் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டாராம். "காலேஜும் வேண்டாம், கவர்மெண்டும் வேண்டாம்." ஆணை கைவிட்டுப் போகும், நீங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று ஜெபசிங் கேட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் பாவாத்தாளின் எண் வாங்கிப் பேசினேன்.

"ஆரு?"

"வசுமதி."

"எந்த வசுமதி?"

"பதினொண்ணு எடுத்தவ."

ஆட்டு மணி கேட்டது.

"என்ன வேணும்?"

"இன்னைக்குள்ள எத்தனை கொடின்னு எழுதி அனுப்பலைன்னா ஆணை போயிடும். வேலியும் போயிடும். நான் வரலை. யாரும் வரவேண்டாம். எண்ணி மட்டும் சொல்லுங்க."

வைத்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார். எடுத்ததும் பேசத் தொடங்கிவிட்டார்.

"ஆறு. பழசு நாலு. ரண்டு புதுசு, ஒண்ணு பாறையோரம், ஒண்ணு ரண்டாவது வளைவுல. பழசுல மூணு காச்சிருக்குது. ஆட்டுக்கொம்பாட்டம் ரட்டை ரட்டையா."

நான் எழுதினேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. அதனால் கேட்டேன்.

"இன்னும் எதுக்கு விட்டு வெச்சிருக்கீங்க? அவதான் வந்துட்டாளே."

"என்ற வேலியில இருக்கறத நான் உட்டு வெப்பேன், தட்டி எறிவேன். உனக்கென்ன?" அந்தப் பக்கம் ஓர் ஆட்டை அதட்டினார். "எழுதிட்டயா?"

"எழுதிட்டேன்."

"ஆறுன்னு எழுது. மாத்திகீத்தி எழுதிராத."

படிவத்தை நிரப்பினேன். இடம்: மொட்டப்பாறைக்காடு, பட்டா நிலம், கிழக்கு வேலி. எண்ணிக்கை: ஆறு. காய்த்தவை: மூன்று. ஆய்வாளர் நேரில் சென்றாரா: இல்லை, உரிமையாளர் அனுமதிக்கவில்லை.

நேரில் கண்டவர்: பாவாத்தாள்.